மாருல கட்டி

விழுப்புரம் என்றால் நம் தோழர்களுக்கு 1978 நினைவுக்கு வரும். பெரிய காலனியில் 12 தலித்துகள் கொல்லப்பட்ட ஆண்டு. வன்கொடுமையைப் பதிவு செய்ய நமக்குத் தெரியும். எந்தப் பிரிவு, எந்த நிவாரணம் என்று மாணவத் தோழர்கள்கூட மடமடவென்று சொல்வார்கள். ஆனால் இதே மாவட்டத்துக் காலனிகளில் மார்பில் சீழ் வடிய வடிய மாதக்கணக்கில் நடவுக்கும் சூளைக்கும் போகிற பெண்கள் நம்முடைய எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் வேலை செய்யும் எங்களுக்கு இது கூட்டங்களின் கடைசியில்தான் தெரியவரும். எல்லாரும் எழுந்து போன பிறகு ஒருத்தர் மட்டும் செருப்பைத் தேடுவதுபோல நிற்பார். "அக்கா, மாருல கட்டி. யாருகிட்ட காட்டுறது?" அதற்குள் மருந்துக்கடையில் மூன்று முறை மாத்திரை வாங்கியிருப்பார். ஒரு முறை கீறி சீழ் எடுத்திருப்பார்கள். அது ஆறி, பக்கத்தில் இன்னொரு வாய் திறந்திருக்கும். "பால் கட்டிக்கிச்சு" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். குழந்தைக்கோ மூன்று வயது முடிந்திருக்கும்.

பால் கொடுக்கும் காலத்தில் வரும் சாதாரணச் சீழ்க்கட்டிக்குப் பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி காரணம். சீழை ஊசியால் உறிஞ்சி எடுத்து, சரியான ஆன்டிபயாடிக்கைப் பத்து நாள் போலக் கொடுத்தால் ஆறிவிடும். அப்படியும் ஆறாமல் திரும்பத் திரும்ப உடைகிறது என்றால் வேறு ஆளைத் தேட வேண்டும்.

ஒன்று, காசநோய். அது நுரையீரலில் மட்டும் வருவதில்லை. மார்பிலும் வரும் என்பதை ஆங்கிலேய மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1829லேயே எழுதிவிட்டார். இன்னொன்று, கிரானுலோமா மார்பக அழற்சி. பிள்ளை பெற்ற சில ஆண்டுகளுக்குள் உள்ள பெண்களிடம்தான் இது அதிகம். இதில் பலருடைய சீழில் கொரினிபாக்டீரியம் க்ரோப்பன்ஸ்டெட்டி என்ற கிருமி கிடைக்கிறது. 1998இல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். 2003இல் நியூசிலாந்து ஆய்வொன்று இந்நோயோடு அதைச் சேர்த்துப் பேசியது. அங்கே மாவோரிப் பெண்களும் பசிபிக் தீவுப் பெண்களும் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இந்தக் கிருமிதான் முழுக் காரணமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. கொழுப்பை விரும்பும் கிருமி அது, மெதுவாக வளரும். இரண்டு நாளில் 'கிருமி வளரவில்லை' என்று பரிசோதனைக் கூடம் எழுதிவிட்டால் தப்பித்துக்கொள்ளும். வளர்ந்தாலும் தோலில் சும்மா ஒட்டியிருந்தது என்று ஒதுக்கிவிடுவார்கள். மருந்துக்கடைக்காரர் தரும் அமாக்சிசிலின் கொழுப்புத் திசுவுக்குள் சரியாகப் போவதில்லை. டாக்சிசைக்ளின், கிளாரித்ரோமைசின் போன்றவை போகும். ஆனால் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். அதை மருத்துவர்தான் எழுத வேண்டும். கர்ப்பிணிக்கு டாக்சிசைக்ளின் ஆகாது.

சிக்கல் என்னவென்றால், நுண்ணோக்கியில் இரண்டு நோயும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். காசநோய் அதிகம் உள்ள நம் நாட்டில், கிருமி கிடைக்காவிட்டாலும் காசநோய் மருந்தையே தொடங்கிவிடுவது உண்டு. மறுபக்கம், காசநோய் இருப்பவருக்கு அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் பெருகும். புற்றுநோயும் இப்படி வேடம் போடும். அதனால் திசுவை எடுத்துப் பார்க்காமல் ஊகத்தில் வைத்தியம் பார்ப்பது கூடாது என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம்.

ஒரு அக்காவுக்குக் காசநோய் என்று உறுதியானது. ஆறு மாத மருந்து, அரசு மருத்துவமனையில் இலவசம். மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பரிலிருந்து 1000 ஆகியிருக்கிறது. மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதும் பயந்து நிறுத்தப் பார்த்தார். அது ரிஃபாம்பிசின் நிறம் என்று சொன்ன பிறகு தொடர்ந்தார். வீட்டில் வேறு கதை. டீக்கடை இரட்டைக் குவளையை எதிர்த்த தலைமுறையைச் சேர்ந்த மாமியார், மருமகளுக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டார். நுரையீரலில் இல்லாத காசநோய் டம்ளரில் ஒட்டாது. அதை விளக்க எங்களுக்கு மூன்று நடை ஆனது. 1956இல் தொடங்கிய சென்னை ஆய்வைப் பற்றிச் சொன்னோம். நகரத்து ஏழை நோயாளிகளை, நுரையீரல் காசநோயோடே, குடிசையில் வைத்து மருந்து கொடுத்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே தேறினார்கள், குடும்பத்தாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை என்று 1959இல் உலகத்துக்கே காட்டிய ஆய்வு அது. மாமியார் கேட்டுவிட்டு, "அப்ப டாக்டருங்க ஏன் எங்களாண்ட சொல்லல?" என்றார். நியாயமான கேள்வி.

இன்னொரு பெண்ணிடம், ஓரிடத்தில், "குளிச்சு சுத்தமா இருந்தா இதெல்லாம் வராது" என்றார்கள். எந்தத் தெரு என்று விசாரித்த பிறகு வந்த வாக்கியம் அது. இந்த நோய்களுக்கும் குளியலுக்கும் சம்பந்தமில்லை. காசநோய் காற்றில் பரவுகிறது. ஜன்னலில்லாத ஒற்றை அறைத் தொகுப்பு வீட்டை யார் கட்டிக் கொடுத்தார்கள் என்று வேண்டுமானால் கேட்கலாம். தெற்குத் திருவிதாங்கூரில் மார்பை மூடும் உரிமைக்கு 1859 வரை போராட வேண்டியிருந்தது. மருத்துவர் முன் அவமானப்படாமல் ஆடையை விலக்குவதற்கும் ஒரு போராட்டம் வேண்டியிருக்கிறது.

இப்போது கூடப் போகும் தோழர்களிடம் ஒன்றை மறக்காமல் சொல்லி அனுப்புகிறோம். கட்டியைக் கீறும்போதோ ஊசி போடும்போதோ, திசுவைப் பிரித்து இரண்டு புட்டிகளில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஃபார்மலின் புட்டி திசு ஆய்வுக்கு. ஃபார்மலினில் கிருமி செத்துவிடும் என்பதால், கல்ச்சருக்கும் சிபிநாட்டுக்கும் போகிற புட்டியில் வெறும் சலைன்தான் இருக்க வேண்டும்.