பார்ப்போரும் பார்க்கப்படுவோரும்

பார்ப்பதற்கென்றே ஓரிடத்திற்குப் பயணம் போவது மலையகத் தோட்ட மக்களுக்கு அரிய நிகழ்ச்சி. பார்க்கப்படுவதோ அவர்களுக்கு நாளாந்த நிகழ்ச்சி. நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் செல்லும் வீதிகளில் வாகனத்தை நிறுத்தி, கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம்பிடித்துச் செல்வோரை நாம் சிறுவயது முதலே கண்டு வருகின்றோம். பச்சைச் சரிவும் முதுகில் தொங்கும் கூடையும் அவர்களுக்குப் போதுமானவை. கூடையைச் சுமப்பவளின் பெயரையோ, எத்தனை கிலோ எடுத்தால் அவளுக்கு அன்று முழுப்பேர் கிடைக்கும் என்பதையோ கேட்போர் மிகச் சிலர்.

அத்தகைய தோட்டமொன்றில் வாழும் என் அக்காவின் பிள்ளைகள் இருவரைக் கடந்த விடுமுறையில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு அழைத்துச் சென்றேன். மூத்தவனுக்கு ஒன்பது வயது, இளையவளுக்கு ஆறு. ஹட்டனில் புகையிரதமேறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, கரையோரப் பாதையில் வேறொரு புகையிரதத்தில் தெஹிவளையை அடைந்தோம். முதன்முறையாகக் கடலைக் கண்ட வியப்பு அடங்குமுன்பே யானையைக் கண்ட வியப்பும் வந்து சேர்ந்தது. அவர்கள் அன்று பார்ப்போராக இருந்தார்கள். அந்த உரிமையை இருவரும் உரத்த குரலிலேயே கொண்டாடினார்கள்.

சிறுத்தையின் கூட்டின் முன்னால் மட்டும் அக்குரல்கள் அடங்கின. அவர்கள் அதனை அதற்குமுன் கண்டதில்லை, ஆயினும் அறிவார்கள். எங்கள் தேயிலை மலைகளுக்கிடையே எஞ்சியிருக்கும் ஓடைக்காடுகளில் அது நடமாடுகின்றது. இரவில் லயத்து வாசலுக்கே வந்து நாயைத் தூக்கிச் செல்கின்றது. சூழ நின்றவர்கள் கைத்தொலைபேசிகளை உயர்த்திப் படமெடுத்துக்கொண்டிருக்க, மருமகன் என் கையைப் பற்றி மெல்லக் கேட்டான்: “நம்ம கருப்பனத் தூக்கிட்டுப் போனது இதுதானா மாமா?”

அங்கிருந்தோரில் அவனொருவனே அந்த விலங்கை அயலாகக் கண்டான். மற்றவர்களுக்கு அது காட்சி. அவனுக்கோ அது கணக்குத் தீராத ஓர் அயலவர். தங்கையின் கவனம் வேறிடத்திற் சென்றது. கூட்டை இப்புறமும் அப்புறமும் நோக்கிவிட்டு, “இதோட வீடு நம்ம காம்பராவ விடப் பெருசா இருக்கே மாமா” என்றாள். ஆங்கிலேயர் காலத்து லயங்களிலே காம்பராவொன்றின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதனுள்ளே ஒரு குடும்பம் முழுதும் வாழ்கின்றது. ஆறு வயதுக் குழந்தையின் கணக்கில் பிழையேதும் இல்லை.

அந்தக் காட்சிச்சாலையின் வரலாற்றைப் பின்னர் படித்தபோது அவளது ஒப்பீடு இன்னும் ஆழமாக உறைத்தது. 1920களில் அதற்கு வித்திட்டவர் ஜோன் ஹாகன்பெக் என்னும் ஜெர்மானிய விலங்கு வணிகர். அவர் இலங்கையில் தோட்டங்களையும் நடத்தியவர். 1936இல் அரசாங்கம் அக்காட்சிச்சாலையைப் பொறுப்பேற்றது. ஜோனின் தந்தைவழி அண்ணன் ஹம்பர்க் நகரத்துக் கார்ல் ஹாகன்பெக், விலங்குகளை மட்டுமன்றி மனிதரையும் காட்சிப்படுத்தியவர். 1880களில் இலங்கை மக்களை யானைகளோடு கப்பலேற்றிச் சென்று, ஐரோப்பிய நகரங்களிலே கட்டணம் வாங்கிக் காட்டினார். கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தவர்கள் அம்மனிதரைப் பற்றி எதனை அறிந்து சென்றிருப்பார்கள்? காண்பது வேறு, அறிவது வேறு என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டுமோ?

சிறுத்தைக்கும் இவ்வுண்மை பொருந்தும். 2020 மே மாதத்தில், சிவனொளிபாதமலையின் அடிவாரத்திலுள்ள நல்லதண்ணிப் பகுதியில் கருஞ்சிறுத்தையொன்று கம்பிச் சுருக்கில் சிக்கியது. மிக அரிதான அவ்விலங்கை மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்று மருத்துவம் செய்தும் சில நாட்களில் அது இறந்துபோனது. மலையகத்தில் இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காகவே வைக்கப்படுகின்றன. மரக்கறிப் பாத்தியைக் காக்க நினைப்பவனும், இறைச்சியை நாடுபவனும் கட்டும் அதே கம்பியில், பன்றியைத் தேடிவரும் சிறுத்தையும் அகப்படுகின்றது.

செய்தியைப் படித்த நகரத்தவர் பலர் தோட்ட மக்களைப் பழித்தனர். பழிப்பது எளிது. காட்டை வெட்டிக் கோப்பியும், 1867க்குப் பின்னர் தேயிலையும் இட்ட காலத்தில், சிறுத்தைக்கு எஞ்சியது ஓடைக்காடு. எம் முன்னோருக்குக் கிடைத்தது லயம். இரண்டையும் அளந்து ஒதுக்கியவர் ஒருவரே. ஒடுங்கிய இடத்தில் நெருக்கி வைக்கப்பட்ட இரு அயலவரிடையே சச்சரவு நேர்வதில் வியப்பென்ன? அதற்காகச் சுருக்குக் கம்பியை நாம் நியாயப்படுத்தலாகாது. கம்பி பன்றியென்றும் சிறுத்தையென்றும் பார்ப்பதில்லை. அவ்வழியே செல்லும் நாயின் காலும் அதற்கு ஒன்றே.

மலையகப் பாடசாலைகள் பல பிள்ளைகளைத் தெஹிவளைக்கு அழைத்துச் செல்கின்றன. அப்பயணங்கள் தொடர வேண்டும். ஆயின், கூட்டிலுள்ள சிறுத்தையைக் காட்டும் ஆசிரியர், பிள்ளைகளின் தோட்டத்து ஓடையில் நீரருந்தும் சிறுத்தையைப் பற்றியும் அங்கேயே பேசுதல் நன்று. அது ஏன் லயத்துக்கு வருகின்றது, இரவில் நாயை எங்கே கட்டுவது, சுருக்கைக் கண்டால் எவருக்கு அறிவிப்பது என்பவை எந்தப் பெயர்ப்பலகையிலும் எழுதப்படாத பாடங்கள். கருப்பனை இழந்த பிள்ளைக்கு அவற்றைக் கற்பிப்பது கடினமன்று. அவன் கேள்வியோடுதான் வந்திருக்கின்றான்.