பழைய வண்டியின் முறையீடு

தோட்டப்புறத்தில் வாழும் அன்பர்களுக்கு லேண்ட் ரோவர் வண்டியை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. நகரத்தில் வாழ்வோர்க்கு வேண்டுமானால் ஒரு வார்த்தை சொல்லலாம். கேமரன் மலைக்கு உல்லாசப் பயணம் சென்றோர், முட்டைக்கோசுக் கூடைகளைச் சுமந்துகொண்டு, முகமெல்லாம் சேறாக, வளைவுகளில் முக்கி முனகி ஏறும் சதுரமான பழைய வண்டிகளைக் கண்டிருப்பர். அவையே இவை. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆந் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் இவ்வண்டி முதன்முதல் உலகுக்குக் காட்டப்பட்டது. யுத்தம் முடிந்த காலம். பிரிட்டனில் எஃகு பங்கீட்டில் இருந்தது. ஆகவே வண்டியின் மேலுடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தனர். உழவர்க்கென்று செய்த வண்டி அது. அதே ஆண்டு ஜூன் 16ஆந் தேதி நமது பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட, அவசர காலம் பிரகடனமாயிற்று. 1960ஆம் ஆண்டு வரை நீடித்த அக்காலத்தில், உழவுக்குப் பிறந்த வண்டி இராணுவத்துக்கும் போலீசுக்கும் தோட்டத் துரைமார்க்கும் வாகனமாயிற்று. துரைமார் போயினர். பால்மரங்களும் பெரும்பாலும் போயின. அவை நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. வண்டி மட்டும் சிற்சில தோட்டங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் கிராணியாக வேலை பார்க்கும் தோட்டம் அவற்றுள் ஒன்று.

எங்கள் வண்டி மூன்றாவது வரிசையைச் சேர்ந்தது. 1971 முதல் 1985 வரை அவ்வரிசை வண்டிகள் உற்பத்தியாயின. வயதில் அது எனக்கு அண்ணன். காலையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேரைச் சாலைவரை கொண்டுபோய் விடும். பிறகு உர மூட்டைகள். மழை பெய்தால் லாரி போகமாட்டாத மேட்டுப் பிரிவுக்குத் தொழிலாளர்கள். இத்தகைய வண்டி சப்தம் செய்யாமலிருந்தால்தான் அச்சப்பட வேண்டும் என்று வேடிக்கையாகக் கூறுவதுண்டு. வேடிக்கை பேசுவோர் அதில் ஏறிப் போகிறவர்கள் அல்லர்.

இந்தத் தோட்டத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது வண்டிக்கென ஒரு பதிவேடு இருந்தது. தேதி, ஓடிய தூரம், ஊற்றிய எண்ணெய், பழுது என நான்கு கட்டங்கள். பழுது என்னும் கட்டத்தில் ஆண்டுக்கணக்காக ஒரே ஆங்கிலச் சொல் எழுதப்பட்டிருந்தது: ‘நாய்ஸ்’. சப்தம் என்பது பொருள். எந்தச் சப்தம், எந்தப் பக்கம், ஏறும்போதா இறங்கும்போதா, எந்த வேகத்தில் என்பதற்கெல்லாம் அக்கட்டத்தில் இடமில்லை. டிரைவரோ அறுபது வயதைக் கடந்தவர். தனியே இருக்கையில் என்னைத் தம்பி என்பார். பிறர் முன்னிலையில் கிராணி ஐயா என்பார். அவர் ஒரு சப்தத்தைப் பற்றிக் கால்மணி நேரம் விவரிக்க வல்லவர். அவர் தமிழில் கூறிய கால்மணி நேரம் ஆங்கிலத்தில் ஒரு சொல்லாகச் சுருங்கி, அச்சொல் மட்டும் நகரத்துப் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதன் பலன் யாதெனக் கேளுங்கள். வண்டி புறப்படும்போதும் பின்னுக்கு வரும்போதும் அடியில் ‘டணக்’ என்று ஓர் அடி விழுந்தது. பட்டறையார் சப்தம் என்ற சொல்லைப் படித்துவிட்டு, எஞ்சினைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகளை மாற்றி அனுப்பினர். அடி நிற்கவில்லை. இரண்டாம் முறை கழற்றியது சரியான இடந்தான். கியர்ப் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இரும்புத் தண்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவான இணைப்புகள் உண்டு. அவை தேய்ந்திருந்தன, மாற்றினர். அடி நின்றது. ஆனால் முன்பில்லாத ஓர் அதிர்வு வந்து சேர்ந்தது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் காலடித் தகடும் இருக்கையும் ரீங்கரிக்கும். வேகம் ஏற ஏற வலுக்கும். மூன்றாம் முறை கேட்டபோது, நான்கு டயர்களையும் மாற்றவேண்டும் என்று விலைப்பட்டியல் எழுதித் தந்தனர்.

டிரைவர் அப்பட்டியலைப் பார்த்துவிட்டு, “டயருன்னா குதிரை மாதிரி ஆடும் தம்பி. இது தேனீ மாதிரி இருக்கு. டயர் இல்லே,” என்றார்.

ஆங்கிலப் பள்ளியில் பயின்ற என்போன்றோர்க்குக் கணக்குப் போட்டாலன்றி நம்பிக்கை வராது. கணக்குப் போட்டேன். எங்கள் வண்டியின் டயர் ஏறக்குறைய எண்பது சென்டிமீட்டர் உயரம். ஒரு சுற்றுக்கு இரண்டரை மீட்டர் ஓடும். அறுபது கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்குப் பதினாறு மீட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே சக்கரம் விநாடிக்கு ஏழு சுற்றுக்குக் கிட்டச் சுற்றுகிறது. சக்கரம் ஒருமுறை சுற்ற, தண்டு 4.7 முறை சுற்றவேண்டும் என்பது இவ்வண்டியின் அச்சுப் பல்லமைப்பு. ஆகவே தண்டு விநாடிக்கு முப்பதுக்கு மேல் சுற்றுகிறது. விநாடிக்கு ஏழு குலுக்கலை உடல் தனித்தனியே உணரும், முயன்றால் எண்ணலாம். முப்பதையும் அறுபதையும் எவராலும் எண்ணவொண்ணாது. அவை ஒன்றாய்க் கலந்து ரீங்காரமாகும். குதிரை, தேனீ என்று பெரியவர் சொன்னது இதைத்தான். அவருக்குப் பென்சில் வேண்டியிருக்கவில்லை.

பிறகு இருவருமாய்ச் சோதனையில் இறங்கினோம். வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை மட்டும் விரைந்து ஓடவிட்டோம்; ரீங்காரம் இல்லை. பழைய பால் கொட்டகைக்குக் கீழே நீண்ட இறக்கம் ஒன்று உண்டு. அதில் அறுபதில் செல்லும்போது கியரை விடுவித்தோம். (இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிடலாகாது, பிரேக்கு கடினமாகிவிடும்.) எஞ்சின் அடங்கியும் ரீங்காரம் அடங்கவில்லை. ஆகவே குற்றம் எஞ்சினில் இல்லை. சாலையோடு சேர்ந்து சுழலும் உறுப்பு ஒன்றில் இருக்கிறது. அத்தகைய தண்டுகள் இரண்டு: முன்னது, பின்னது. நான்கு சக்கர உந்துதலைப் பூட்டாதபோதும் எங்கள் வண்டியில் முன்தண்டு சும்மா சுழன்றுகொண்டுதான் இருக்கும். முனைக்கு நான்காக எட்டுத் திருகாணிகளைக் கழற்றி அதை இறக்கி வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். தேனீ அப்படியே இருந்தது. மிஞ்சியது பின்தண்டு ஒன்றே.

இங்கே ஓர் எச்சரிக்கை. இவ்வரிசை வண்டிகளில் கைப்பிரேக்கு சக்கரத்தைப் பிடிப்பதில்லை; கியர்ப் பெட்டியின் பின்னே, பின்தண்டின் தொடக்கத்தில் உள்ள உருளையைப் பிடிக்கிறது. பின்தண்டைக் கழற்றினால் கைப்பிரேக்கும் போயிற்று. இதை அறியாமல் மேட்டில் வண்டிக்கடியில் படுப்பவன் உயிர் அவனுடையதன்று. நாங்கள் சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே உள்ளே போனோம்.

பின்தண்டு இரண்டு பகுதிகளாய், ஒன்றனுள் ஒன்று பல்லோடு பல் பொருந்தி நீளவும் குறுகவும் கூடியது. சேற்றைத் துடைத்துப் பார்த்தபோது, இரு பகுதிகளிலும் இருந்த அம்புக்குறிகள் நேருக்கு நேர் நிற்கவில்லை; இரண்டு பல் விலகியிருந்தன. பட்டறையில் பிரித்துச் சேர்த்தவர் குறியைக் கவனிக்கவில்லை. இதனால் என்ன கெட்டது என்பீர்கள். பதினேழாம் நூற்றாண்டில் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி ஆராய்ந்து எழுதிய இணைப்பு இது. வளைந்த நிலையில் சுழலும்போது இதற்கு ஒரு குணமுண்டு: ஒருபுறம் சீராகச் சுழற்றினாலும் மறுபுறம் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரையும், இருமுறை தயங்கும். அதற்காகவே தண்டின் மறுமுனையிலும் அதே இணைப்பை வைத்து, முதலாவது விரையும்போது இரண்டாவது தயங்குமாறு அமைத்திருக்கிறார்கள். இரண்டும் நேர்கோட்டில் நின்றால் ஒன்றன் குறையை மற்றொன்று தீர்க்கும். விலகி நின்றால் மீதிக் குறை அதிர்வாகிறது. தண்டைப் பிரித்து, குறிகளை நேராக்கி, கிரீஸ் இட்டுப் பூட்ட அரைமணி நேரம் ஆயிற்று. டயர் ஒன்றும் வாங்கவில்லை.

மழைக்காலத்தில் குதிரையும் வருவதுண்டு. மேட்டுப் பிரிவிலிருந்து தார்ச்சாலைக்கு வந்ததும் ஸ்டீயரிங் கையில் துள்ளும். சக்கரத்தின் உட்புற விளிம்பில் செம்மண் அப்பிக் காய்ந்து ஒருபக்கம் கனத்துவிடுவதே காரணம். குழாய்த் தண்ணீரும் ஒரு குச்சியும் போதும். முகப்பில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிய வண்டிகளிலும் சேறு இதே இடத்தில்தான் ஒட்டுகிறது.

இவையெல்லாம் பணத்தோடு போகும் விஷயங்கள். சென்ற ஆண்டு நடந்தது அப்படிப்பட்டதன்று. ஒரு திங்கட்கிழமை காலை டிரைவர் அலுவலக வாசலில் வந்து நின்று, முன்சக்கரம் ஒன்று உறுமுகிறது என்றார். நேராகப் போகையில் மெல்லக் கேட்கிறது; வலப்பக்கம் திரும்பினால் பலக்கிறது; இடப்பக்கம் திரும்பினால் அடங்குகிறது. வலப்பக்கம் திரும்பும் வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்களின்மேல் சாயும் என்பதை அவர் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. இடது முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம், ஆடியது. என்னைப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார், ஆட்டம் நின்றது. பிரேக்கு மிதித்தும் ஆடினால் சக்கரம் திரும்பும் மூட்டில் கோளாறு. மிதித்ததும் நின்றால் சக்கரத்தின் பேரிங்கில் கோளாறு. “பிள்ளைங்கள ஏத்தமாட்டேன்,” என்றார்.

நிர்வாகத்தில் ஒருவர், பழைய வண்டி உறுமத்தான் செய்யும், மாதக் கடைசிவரை ஓட்டட்டும் என்றார். நான் வாதாடவில்லை. பதிவேட்டைத் திறந்து, ‘நாய்ஸ்’ என்ற சொல்லை விட்டுவிட்டு, டிரைவர் கூறியதை அவர் கூறியபடியே தமிழில் எழுதினேன்: எந்தச் சக்கரம், எந்தத் திருப்பம், ஆட்டிப் பார்த்த விதம், பிள்ளைகளை ஏற்ற மறுத்த செய்தி, தேதி, நேரம். கட்டம் போதாமல் எழுத்து அடுத்த இரண்டு கட்டங்களுக்கும் ஓடிற்று. அதன்கீழ் ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதி, வண்டியை ஓட்டலாம் என்று கையொப்பமிட இடம் விட்டு மேசைமேல் வைத்தேன். கையொப்பம் விழவில்லை. பிள்ளைகளுக்கு அன்று வாடகை வேன் வந்தது.

மாலையில் சக்கரத்தைப் பிரித்தோம். கிரீஸ் இருந்த இடத்தில் துருநீர் இருந்தது. பேரிங்கின் உருளைகள் குழி விழுந்து, சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தன. அத்தகைய பேரிங் சிறைப்பட்டு நின்றுவிடவும் கூடும். உடைந்து சக்கரத்தையே விட்டுவிடவும் கூடும். தோட்டத்திலிருந்து சாலைக்குப் போகும் வழியில், ஆற்றோரத்தில், பலகைக் கைப்பிடி மட்டுமே உள்ள பாலம் ஒன்று இருக்கிறது.

அதன் பின் பதிவேட்டில் பழுதுக் கட்டத்தை நான் அகலமாகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். தணிக்கைக்கு வந்த ஒருவர், தமிழில் ஏன் எழுதுகிறீர் என்று கேட்டார். டிரைவர் தமிழில் சொல்கிறார் என்றேன். சில பக்கங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்.

தற்சமயம் வண்டியின் அடியில் ஒரு குருவி குடியேறியிருக்கிறது. மெல்ல நகர்கையில் மட்டும் கீச் கீச் என்கிறது, வேகத்தில் மறைந்துவிடுகிறது. பின்தண்டின் இணைப்பில் கிரீஸ் வற்றிவிட்டது என்பது டிரைவர் கட்சி. வில்தகட்டை மாட்டியிருக்கும் ரப்பர்தான் உராய்கிறது என்பது என் கட்சி. சனிக்கிழமை பிற்பகல் இணைப்புக்கு மட்டும் முதலில் கிரீஸ் இடுவதாக ஏற்பாடு. பதிவேட்டில் இருவர் கட்சியும் எழுதப்பட்டிருக்கிறது.