வட்ட வானம்

சியோல் மாநகரின் வடமேற்கே, 1989ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட திட்டத்தால் வயல்வெளிகளின்மேல் எழுந்த புதுநகரம் இல்சான். ஏரிப் பூங்காவைச் சுற்றிவிட்டு, காப்பிக்கடைகள் மலிந்த பாம்காசித் தெருக்களுக்குள் நுழைந்தேன். (காப்பியின் விலையோ நம்மவரைத் திகைக்க வைக்கும்!) அவற்றினிடையே, கஷ்கொட்டை மரத்தால் எழுப்பிய பழைய கூரைவீடொன்று இன்றும் நிற்கின்றது. முற்றத்தில் நின்று அண்ணாந்தேன். வைக்கோற் கூரையின் நடுவே வட்டமாக வானம்.

பழம்பொருள் விற்கும் சந்தொன்றில் கல் திரிகை ஒன்று கிடந்தது. குனிந்து மேற்கல்லைச் சுழற்றினேன். அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த நாளில், “இந்தக் கனத்தை யாரம்மா தூக்குவது?” என்று கம்பத்து வீட்டிலேயே திரிகையை விட்டுவரச் சொன்னவன் நான். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. அதன் மரப்பிடியை மட்டும் கழற்றிச் சேலைகளுக்கிடையே வைத்துக்கொண்டார்.