கைரேகை தர மறுத்த ஊர்

திருமுடிவாக்கம் தெரியுமோ உங்களுக்கு? சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூருக்குப் பக்கத்து ஊர். இன்று அங்கே தொழிற்பேட்டை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இயந்திரச் சத்தந்தான்.

அங்கே லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கும் உசிலம்பட்டி நண்பர் ஒருவர், வருகைப் பதிவுக் கருவியில் கட்டை விரலை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இந்த ரேகைக்காக எங்க பக்கத்திலே உயிரையே விட்டிருக்காங்க, சார்! ஒரு தடவை வந்து பாருங்களேன்."

போனேன். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, அப்புறம் சேடபட்டிப் பக்கமாகப் பெருங்காமநல்லூர். அங்கே நினைவுத் தூண் நிற்கிறது.

1920, ஏப்ரல் 3. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி ரேகை வைக்க ஊரார் மறுத்தார்கள். போலீஸார் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்மணி உள்பட 16 பேர் மாண்டார்கள்.

பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கவும் 1924-ம் வருஷத்துச் சட்டம் இடம் கொடுத்தது. கனடாவிலும் பூர்வகுடிப் பிள்ளைகளை இப்படித்தான் விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டு போனார்கள். அதற்காக 2008-ல் அந்நாட்டுப் பிரதமர் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார்.

நம் மாகாணத்தில் 1947-ல் சட்டம் ஒழிந்தது. 'சீர்மரபினர்' என்று பெயரும் மாறிற்று.

"ஆனா, நான் படிக்கிறப்போ வகுப்பிலே பென்சில் காணாமப் போனா, முதல்லே என் பையைத்தான் சார் தேடுவாங்க" என்றார் நண்பர்.

நேயர்களே, அந்தப் பக்கம் போனால் தூணருகே சற்று நில்லுங்கள். திரும்பி வந்ததும், நம் வீட்டில் ஒரு பொருள் தொலைந்தால் நம் கண் முதலில் யார்மேல் போகிறது என்று பாருங்கள்.