வாயு லிங்கம் மயங்கி விழுந்த கதை!

எங்க ஊர் திருவண்ணாமலை. பௌர்ணமி ராத்திரி வந்திருக்கீங்களா? 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகளாகத்தான் தெரியும். அந்தப் பாதையில் வாயு லிங்கத்துக்குப் பக்கத்தில் எங்க அப்பாவுக்கு ஒரு டீக்கடை. அதே வாயு லிங்கம், எங்க காலேஜ் லேப்பில் ரெண்டு வாரமாக ராத்திரி ராத்திரி மயங்கி விழுந்துகொண்டிருந்தது. முழிக்காதீங்க, சொல்றேன்.

என் மூணாம் வருஷ ப்ராஜெக்ட், ரவுட்டிங். ஒரு லிங்க் அறுந்தால், பாக்கெட்டுகள் மாற்று வழி கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அளந்து பார்க்க எட்டு ரவுட்டர் வேணும். அதுக்கெல்லாம் காலேஜில் காசு ஏது? ஆனா பாஸ், ரவுட்டர்னா பெட்டிதான்னு யார் சொன்னது? பாக்கெட்டை வாங்கி, முகவரி பார்த்து, சரியான பக்கம் தள்ளிவிடணும். அதை ஒரு சாஃப்ட்வேரே செய்யும். 'எஃப்.ஆர்.ரவுட்டிங்' என்று ஒன்று ஓசியிலேயே கிடைக்கிறது. 'குவாகா' என்ற பழைய சாஃப்ட்வேரிலிருந்து 2017-ல் பிரிந்து வந்தது. லேப் சர்வரில் எட்டு விர்ச்சுவல் மெஷின் உருவாக்கி, ஒவ்வொன்றிலும் அதைப் போட்டு, வட்டமாகக் கோத்தேன். பேர் வைக்கக் கஷ்டமா என்ன? இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம். கிரிவலம் ரெடி!

ஒவ்வொரு லிங்க்கிலும் 5 மில்லி செகண்ட் தாமதம் வைத்தேன். இந்திரனிலிருந்து எமனுக்குப் போய்த் திரும்ப 20 மில்லி செகண்ட். நடுவில் இந்திரன் - அக்னி லிங்க்கில் வரும் பாக்கெட்டை எல்லாம் கீழே போடச் சொன்னேன். நாலைந்து செகண்ட் மௌனம். அப்புறம் பாக்கெட், ஈசானியம் வழியாக அப்பிரதட்சணமாகச் சுற்றிக்கொண்டு எமனிடம் போய்ச் சேர்ந்தது. 60 மில்லி செகண்ட்! தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

ஆனா ராத்திரியில், யாருமே அறுக்காத லிங்க்குகள் தானாக அறுந்தன. ஒருநாள் குபேரன், பெரும்பாலும் வாயு. இந்த ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று 'ஹலோ' சொல்லிக்கொண்டே இருக்கும். வழக்கமாக 10 செகண்டுக்கு ஒரு ஹலோ. 40 செகண்ட் சத்தமே இல்லைன்னா, ஆள் அவுட் என்று முடிவு கட்டிவிடும். நான்தான் அவசரக்குடுக்கை ஆச்சே... அதை 1 செகண்ட், 4 செகண்ட் என்று குறைத்திருந்தேன். காரணம் தெரியாமல் நொந்து, கடைசியில் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதினேன்: 'வளைய அமைப்பில் இந்த ரவுட்டிங் முறை நிலையாக இருப்பதில்லை.' கலர் கலராக ஒரு கிராஃப் வேறு. உண்மையைச் சொல்லணும்னா, ஏதோ கண்டுபிடித்துவிட்ட கெத்து!

ரிவ்யூவுக்கு ரெண்டு நாள் முன்னாடி பௌர்ணமி. கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டே அப்பாவிடம் புலம்பினேன். அவர் பால் ஆற்றிக்கொண்டே கேட்டார்... "ஏம்மா, எட்டும் ஒரே மெஷின்லதானா ஓடுது? வேற யாரும் அதைத் தொடறதில்லையா?"

"அது பொது சர்வர்ப்பா."

"போன தீபத்துக்கு சுண்டல்காரர் நம்ம அடுப்புல குக்கர் வெச்சாரே... டீ லேட்டாகுதுன்னு நான் மாஸ்டரைத் திட்டினேன், ஞாபகம் இருக்கா?"

கிளாஸை அப்படியே வெச்சுட்டேன்.

மறுநாள் லாகைப் பார்த்தால், வாயு விழுந்த நேரமெல்லாம் ஃபைனல் இயர் டீம் ஒன்றின் வேலை ஓடியிருக்கிறது. நிலக்கடலை இலை போட்டோவைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் ப்ராஜெக்ட். மெமரியை மொத்தமாக விழுங்கிவிடும். சர்வர் டிஸ்க்கிடம் கடன் வாங்க ஆரம்பித்ததும், என் மெஷின்கள் சில செகண்ட் உறைந்துபோகும். ஹலோ வராது. ஆள் அவுட்!

சண்டை போடலாம்னு போனேன். அந்த அண்ணா என்னைவிட நொந்திருந்தார். "என்னம்மா, ஒரே கோடு ஒருநாள் 40 நிமிஷம், ஒருநாள் ஒன்றரை மணி நேரம் ஓடுது. கோடுல தப்புன்னு ரெண்டு தடவை திருப்பி எழுதிட்டேன்" என்றார். அந்த ஒன்றரை மணி நேர நாட்களில்தான் நான் எட்டு லிங்கத்துக்கும் பாக்கெட் வெள்ளம் விட்டிருந்தேன். செம பல்ப்!

அப்புறம்தான், 2006-ல் பீசா நகரில் நடந்த 'சிக்காம்' மாநாட்டுக்கு வந்த ஒரு கட்டுரையைத் தேடிப் படித்தேன். பெயர் 'வினி'. ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபோர்ட், லாரி பீட்டர்சன், நிக் ஃபீம்ஸ்டர் எல்லாம் சேர்ந்து எழுதியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைத்த 'அபிலீன்' நெட்வொர்க்கின் 11 நகரங்களையும் சாஃப்ட்வேர் ரவுட்டர்களாகவே அமைத்திருக்கிறார்கள். பாக்கெட்டைத் தள்ள 'கிளிக்', பாதை கண்டுபிடிக்க 'ஸார்ப்'. ஓட்டியது 'பிளானட்லேப்' என்ற பொதுக் கம்ப்யூட்டர்களில். 2002-ல் தொடங்கி, உலகம் முழுக்க 1,000 கம்ப்யூட்டர்களுக்கு மேல் வளர்ந்து, 2020-ல் மூடப்பட்ட அமைப்பு அது. அங்கேயும் இதே தலைவலி! பக்கத்து ஆள் ப்ராசஸரைப் பிடுங்கிக்கொண்டால், நம்ம பாக்கெட் தாமதமாகும். அதனால் ப்ராசஸரில் ஒரு பங்கை ரிசர்வ் செய்து, ரவுட்டருக்கு முன்னுரிமையும் கொடுத்து அளந்திருக்கிறார்கள். நிஜ இன்டர்நெட்டிலேயே சோதிக்கலாமேன்னு கேட்காதீங்க. 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கப் போட்ட ஒரு பாதை வெளியே கசிந்து, உலகத்தின் பெரும்பகுதிக்கு சுமார் 2 மணி நேரம் யூடியூபே காணாமல் போனது!

ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, நானும் அண்ணாவும் உட்கார்ந்து ப்ராசஸர் கோர்களைப் பிரித்தோம். அவங்க மெமரிக்கு ஒரு எல்லை, என் லிங்கங்களுக்குத் தனிப் பங்கு. விடிய விடிய ஓட்டினேன். வாயு அசையவே இல்லை. கிராஃபைக் கிழித்துப் போட்டேன். மனசு வலிச்சது, பொய் சொல்ல மாட்டேன். பக்கத்து வேலை ஓடும்போது ஒரு அட்டவணை, பங்கு பிரித்த பிறகு ஒரு அட்டவணை. ரெண்டையும் மேடம் முன்னாடி வைத்தேன். "அப்ப முதல் ரிப்போர்ட்ல எழுதினது?" என்றார். "தப்பு மேடம்" என்றேன். சிவப்பு மையால் அந்த வரியை அடித்துவிட்டு, அடுத்த பக்கம் திருப்பினார்.

இப்ப லேப் கதவில் ஒரு டைம்டேபிள் ஒட்டியிருக்கிறோம். நேற்று ராத்திரிகூட அண்ணாவிடமிருந்து மெசேஜ்: "வாயு தூங்கிட்டாரா? கடலைச் செடியை எழுப்பலாமா?"