ஒரு வினாக்கொத்தும் என் தங்கையும்

ஆளுமையை அளக்கும் வினாக்கொத்துகள் இப்போது எங்கள் ஊர்ப் பயிற்சிப் பட்டறைகளுக்கும் வந்துவிட்டன. நிரப்பிப் பார்த்து, “நான் இந்த வகையாம்” என்று சிரித்துவிட்டுப் போவதில் தவறில்லை. என் தங்கைக்கு அது சிரிப்போடு முடியவில்லை. பதினொரு வருடம் வெளிக்களத்தில் வேலை செய்தவள், மேற்பார்வையாளர் பதவிக்கு விண்ணப்பித்தபோது அப்படி ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். “நீங்கள் உள்முக ஆளுமை உள்ளவர், தலைமைக்குச் சரிவராது” என்று முடிவு வந்தது. உளவளத்துணை படித்த எனக்குக் கோபம்தான் வந்தது.

உள்முகம், வெளிமுகம் என்ற பிரிவைப் பரவச் செய்தவர் சுவிஸ் நாட்டு உளமருத்துவர் கார்ல் யுங். மனதின் சக்தி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைத்தான் 1921 இல் வெளிவந்த நூலில் அவர் பேசினார், திறமையைப் பற்றியல்ல. ஒவ்வொருவரிடமும் இரண்டும் உண்டு என்பதே அவர் கருத்து. அமெரிக்காவில் கதரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மயர்ஸ் என்ற மகளும் 1940களில் அதை வினாக்கொத்தாக்கி, மனிதரைப் பதினாறு வகையாகப் பிரித்தார்கள். இருவரும் உளவியலை முறையாகப் படித்தவர்களல்ல. சில வாரங்கள் கழித்து மறுபடி நிரப்பினால் பலருக்கு வேறு வகை வருகிறது. வேலைக்கு ஆள் தெரிய இதைப் பாவிப்பது முறையல்ல என்று அவர்கள் பெயரிலுள்ள அமைப்பே சொல்கிறது! தங்கைக்குக் கொடுத்ததும் அதைப் பார்த்து எழுதிய ஒன்றுதான்.

இன்று ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்பது ஐந்து காரணி முறையை. அது வகை பிரிப்பதில்லை. ஒவ்வொரு பண்பும் எவ்வளவு என்று பார்க்கிறது. உயரத்தை நெட்டை, கட்டை என்று இரண்டாகப் பிரித்தால் நடுவில் நிற்கும் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது?

“அறியாதவர்களுடன் இலகுவாகப் பேசுவீர்களா?” என்ற கேள்விக்குத் தங்கை ‘இல்லை’ என்று போட்டிருந்தாள். ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் வாய் திறக்காதே என்று வளர்ந்த எங்களில் எத்தனை பேர் ‘ஆம்’ போடுவோம்? அந்தப் புள்ளி அளந்தது அவளையா, அம்மம்மாவின் கண்டிப்பையா? கச்சேரியில் மெல்லிய குரலில் பேசுகிறவள், சங்கக் கூட்டத்தில் கடன் கணக்கு பிழைத்தால் எழும்பி நின்று கேட்பாள். மனிதரின் நடத்தை இடத்துக்கிடம் எவ்வளவு மாறுகிறது என்று வோல்டர் மிஷல் 1968 இல் நூலே எழுதியிருக்கிறார்.

நன்கு பழகியவர்களிடம் ஒருவரைப் பற்றிக் கேட்பதும் ஆளுமையை அளக்கும் ஒரு வழிதான். அவள் வேலை செய்த கிராமங்களில் எந்த மாதர் சங்கத் தலைவியிடமும் யாரும் கேட்கவில்லை.

இப்படி ஒரு முடிவு உங்கள் கைக்கு வந்தால், எழுத்தில் கேளுங்கள்: வினாக்கொத்தின் பெயர் என்ன? தமிழில், எங்கள் பெண்களிடையே அது பரிசோதிக்கப்பட்டதா? அதைத் தவிர வேறு எதைப் பார்த்தார்கள்? கடிதத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.