கண்ணாடிக்கு உள்ளிருந்து ஒரு குரல்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் 1999ஆம் ஆண்டு நவம்பரில் ஓடத் தொடங்கிய எல்ஆர்டி ரயிலில் ஓர் ஏற்பாடு உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி புளோக்குகளை ஒட்டிப் போகும் இடங்களில் ஜன்னல் கண்ணாடி தானாகவே பால்போல மங்கிவிடும். கொடியில் காயும் துணியோ சமையலறை விளக்கோ கண்ணில் படாது. புளோக்கைத் தாண்டியதும் கண்ணாடி தெளிந்துவிடும். இவ்வளவு நெருக்கமாக வாழும் ஊரில் அடுத்தவர் வீட்டுக்குள் பார்க்காமல் இருப்பது மரியாதைதான். ஆனால் கவிஞரும் நாவலாசிரியருமான சல்மாமீது சொல்லப்பட்ட பெரிய குறையும் இந்த மரியாதையின் பெயரால்தான் வந்தது. வீட்டுக்குள் நடப்பதை வெளியே கொட்டிவிட்டாராம். இந்தக் குறையை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தரங்கம் வேறு, வாயடைப்பு வேறு. வீட்டிலிருப்பவர் தானே இழுத்துவிட்டுக்கொள்ளும் திரை அந்தரங்கம். பிறர் வெளியிலிருந்து அறையும் பலகைக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

சல்மா 1968இல் திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் பிறந்தவர். பருவம் எய்தும் வயதில் அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. திருமணத்துக்குப் பிறகும் எழுதத் தடை இருந்ததால் கழிவறையில் நின்றபடி துண்டுத் தாள்களில் எழுதி ஒளித்துவைத்தார். அவற்றை வெளியுலகுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவருடைய தாயார். இப்படி வந்த கவிதைகள் 2000இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ என்ற தொகுப்பாயின. எழுதும் கையைக்கூட மறைக்க வேண்டியிருந்த பெண்ணுக்கு அந்தரங்கம் என்று எது மிஞ்சியிருந்தது? ‘வெளியே சொல்லாதே’ என்ற கட்டளையால் காக்கப்பட்டவர் அவரல்லர்.

கவிதை ஒரு பெண்ணின் மூச்சைப் பிடித்துக் காட்டும். ஒரு தெருவையே காட்ட அதற்கு இடம் போதாது. அதனால்தான் 2004இல் வந்த ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல் அவருக்குத் தேவைப்பட்டது என்று கருதுகிறேன். ராபியா என்ற சிறுமியின் பார்வை தொட்டுச் செல்லும் முஸ்லிம் வீடுகளில் பெண்கள் சமைக்கிறார்கள், வம்பளக்கிறார்கள், படுக்கையறைச் சங்கதிகளைக் கூச்சமில்லாமல் பேசிச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஃபிர்தவ்ஸின் கதை வருகிறது. கணவனை மறுத்துத் தாய்வீடு திரும்பி, பக்கத்து வீட்டு இந்து ஆணை விரும்பும் அவளுக்கு நஞ்சு புகட்டுபவள் பெற்ற தாயே. இங்கே வில்லன் என்று கைகாட்ட ஒருவரும் இல்லை. கொல்லும் தாயும் அதே சுவருக்குள் வளர்ந்தவள். கவிதையின் ‘நான்’ இவளையும் உள்ளடக்கிய ‘நாம்’ ஆக விரிவது நாவலில்தான்.

வேறொரு மறுப்பும் உண்டு, அது முதலில் சொன்ன குறையைவிடக் கனமானது. சிறுபான்மைச் சமூகத்தின் குறையை எழுதினால் வெளியார் அதை ஆயுதமாக்க மாட்டார்களா? ஆக்குவார்கள். நாவலுக்கு லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2009இலும், சல்மாவைப் பற்றிக் கிம் லாஞ்சினாட்டோ எடுத்த ஆவணப்படம் 2013இலும் வந்தபின், சல்மாவின் நூல்களைப் புரட்டாமலே அவர் கதையை ஒப்பிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அது வாசிப்பவரின் குற்றம். அதற்காக எழுதியவரின் வாயைக் கட்டுவது நியாயமாகாது. ரயிலில் போகிறவன் எட்டிப் பார்ப்பதும் வீட்டில் இருப்பவள் ஜன்னலைத் திறந்து பேசுவதும் ஒன்றாகுமா? நாவலில் நோன்பு உண்டு, பெருநாள் உண்டு, அக்கா தங்கைகளின் பாசம் உண்டு. வெறுப்போடு தேடி வருகிறவனுக்கு இவை பயன்படா. சல்மா பேரூராட்சித் தலைவரோ 2025இல் மாநிலங்களவை உறுப்பினரோ ஆகியிருக்காவிட்டாலும் நாவலின் மதிப்பில் ஒரு குன்றிமணியும் குறைந்திருக்காது.

சல்மாவின் வாழ்க்கைக் கதையை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு நாவலை எடுங்கள். முதலில் ராபியாவோடு தெருவில் இறங்கி நடங்கள். ஃபிர்தவ்ஸிடம் வந்து சேரும்போது அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.